நாக்கின் அடியில் ஒரு மாத்திரை

காலை மணி ஒன்பது. ஒரு சின்னக் கட்டடம். வாசலில் பத்துப் பதினைந்து பேர் நிற்கிறார்கள். ஒருவர் கையில் ரம்பம் இருக்கிறது. ஒருவர் காய்கறி மூட்டையைச் சுவரோரம் இறக்கி வைக்கிறார். ஒரு பெண்ணின் முதுகில் துணியால் கட்டிய குழந்தை தூங்குகிறது.

ஒவ்வொருவராக உள்ளே போகிறார்கள். நர்ஸ் ஒரு மாத்திரையை நொறுக்கித் தருகிறார். அதை நாக்கின் அடியில் வைத்துக்கொள்கிறார்கள். விழுங்கக் கூடாது. பேசக் கூடாது. அது கரையும் வரை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம் ஆகும். நர்ஸ் வாயைப் பார்க்கிறார். நோட்டில் பதிவு செய்கிறார். அவ்வளவுதான். ரம்பம் வைத்திருப்பவர் வேலைக்குப் போகிறார். காய்கறிக்காரர் சந்தைக்குப் போகிறார்.

மறுநாள் காலை மறுபடி வருவார்கள்.

இவர்கள் யார்? இது என்ன வைத்தியம்?

இவர்கள் போதை ஊசிப் பழக்கத்திலிருந்து மீள முயல்கிறவர்கள். ஆஸ்பத்திரியில் படுக்காமல், தினமும் வந்து மருந்து வாங்கிப் போகிறார்கள். இப்படிப்பட்ட நிலையங்கள் இந்தியாவின் பல மாநிலங்களில் உண்டு. மிகவும் தேவைப்பட்ட இடங்களில் ஒன்று மணிப்பூர்.

மலையும் பள்ளத்தாக்கும்

மணிப்பூர் இந்தியாவின் வடகிழக்கு மூலையில் உள்ள சிறிய மாநிலம். நடுவில் ஒரு பள்ளத்தாக்கு. அங்கேதான் தலைநகர் இம்பால் இருக்கிறது. சுற்றிலும் மலை. நிலத்தில் பத்தில் ஒன்பது பங்கு மலைதான். ஆனால் பாதிக்கு மேற்பட்ட மக்கள் பள்ளத்தாக்கில் வாழ்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் மெய்தெய் மக்கள். மலைகளில் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். தாங்குல், பைதே, தாடோ என்று பல இனங்கள் உண்டு. ஒவ்வோர் இனத்துக்கும் தனி மொழி உண்டு. இவர்கள் எண்ணிக்கையில் சிறுபான்மையினர்.

மணிப்பூரின் கிழக்கு எல்லையில் மோரே என்ற ஊர் இருக்கிறது. எல்லையைத் தாண்டினால் பர்மா. இப்போது அதன் பெயர் மியான்மர். 1960-களில் பர்மாவை விட்டு வந்த தமிழர்கள் சிலர் மோரேயில் குடியேறினார்கள். அங்கே தமிழர் கோயிலும் உண்டு.

அந்த எல்லை வழியாகத்தான் 1980-களில் ஹெராயின் என்ற போதைப்பொருளும் வந்தது. ஹெராயின் அபினிலிருந்து செய்யப்படுவது. மற்ற ஊர்களில் விலை அதிகமான பொருள், அங்கே எளிதாகக் கிடைத்தது. வேலை இல்லாத இளைஞர்கள் பலர் அதில் விழுந்தார்கள். முதலில் புகைத்தார்கள். பிறகு ஊசியில் ஏற்றிக்கொண்டார்கள்.

ஆறே மாதத்தில்

இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1986-இல், சென்னையில். மணிப்பூரில் ஊசி போட்டுக்கொள்பவர்களின் ரத்தத்தை 1989-இல் சோதித்துப் பார்த்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் வரை யாருக்கும் கிருமி இருப்பதாகத் தெரியவில்லை. ஆறே மாதம்தான் கழிந்தது. சோதித்தவர்களில் பாதிப் பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது.

இவ்வளவு வேகம் எப்படி வந்தது?

ஒருவர் ஊசி போட்டுக்கொள்ளும்போது சிரிஞ்சுக்குள் கொஞ்சம் ரத்தம் ஏறும். கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் உள்ளே தங்கிவிடும். அதே ஊசியை அடுத்தவர் போட்டால், அந்த ரத்தம் நேராக அவர் நரம்புக்குள் போகும். கூடவே கிருமியும் போகும்.

அப்படியானால் ஏன் ஒரே ஊசியைப் பலர் போட்டார்கள்? அறிவு இல்லையா? அப்படி அல்ல. கடையில் ஊசி கேட்டால் கொடுக்க மறுத்தார்கள். பையில் ஊசி இருந்தால் போலீஸ் பிடித்தது. அதனால் ஓர் ஊசியை ஒளித்து வைத்துப் பல பேர் பயன்படுத்தினார்கள். மருந்துச் சொட்டுக் குழாயில் ஊசி முனையை மாட்டிக்கூடப் போட்டுக்கொண்டார்கள்.

ஊசி கிடைக்காமல் செய்தால் பழக்கம் போய்விடும் என்று நினைத்தார்கள். பழக்கம் போகவில்லை. நோய்தான் வந்தது.

பிறகு அது வீட்டுக்குள் நுழைந்தது. கணவனிடமிருந்து மனைவிக்குப் போனது. தாயிடமிருந்து குழந்தைக்குப் போனது. ஊசியைத் தொட்டுக்கூடப் பார்க்காத பெண்கள் பலர் இளம் வயதிலேயே விதவையானார்கள். அவர்கள் உடம்பிலும் கிருமி இருந்தது.

அடைத்து வைத்தால் தீருமா?

இப்போது ஒரு தச்சரை நினைத்துப் பார்ப்போம். அவருக்குப் பெயர் வேண்டாம். இது ஒருவர் கதை அல்ல, பலருக்கு நடப்பது. அவர் சுராசந்த்பூர் பக்கத்தில் வாழும் பைதே இனத்தவர். வயது 28. மனைவி ஐந்து மாதக் கர்ப்பிணி.

அவர் 19 வயதில் நண்பர்களோடு ஹெராயின் புகைத்தார். இரண்டு ஆண்டில் ஊசிக்கு மாறினார். முதலில் அது சுகமாக இருந்தது. பிறகு சுகம் போய்விட்டது. ஊசி போடாவிட்டால் உடம்பு தாங்கவில்லை. மூக்கு ஒழுகும். கொட்டாவி வரும். கை கால் எலும்பு குடையும். வயிறு கலக்கிப் பேதியாகும். இரவு முழுவதும் தூக்கம் வராது. அந்த வேதனைக்குப் பயந்தே ஊசியைத் தேடினார். உளியை விற்றார். இழைப்புளியை விற்றார். மனைவியின் கம்மலும் போனது.

அப்பா அவரை அடித்தார். ஊர்ப் பெரியவர்கள் கண்டித்தார்கள். ஒரு மாதம் ஓர் இடத்தில் அடைத்து வைத்தார்கள். வேதனை ஒரு வாரத்தில் அடங்கியது. உடம்பு தேறியது. எல்லோரும் மகிழ்ந்தார்கள். வெளியே வந்த மூன்றாம் நாள் மறுபடி ஊசி போட்டுக்கொண்டார்.

"திருந்தாத ஜென்மம்" என்றார்கள். அது சரியா?

போதை ஊசிப் பழக்கம் ஒரு நோய். நீண்ட நாள் ஹெராயின் ஏறினால் மூளை அதற்குப் பழகிவிடும். ஒரு மாதம் நிறுத்தினாலும் மூளை மறக்காது. பழைய நண்பனைப் பார்த்தால், பழைய இடத்தைப் பார்த்தால் ஆசை எழும். மன உறுதி வேண்டும்தான். ஆனால் மன உறுதி மட்டும் போதாது.

இதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. ஒரு மாதம் நிறுத்திய உடம்பு பழைய அளவைத் தாங்காது. வெளியே வந்து அதே அளவு போட்டால் மூச்சு நின்றுவிடலாம். இப்படி இறந்தவர்கள் பலர். அடைத்து வைத்து, பிறகு கவனிக்காமல் விடுவது உயிருக்கே ஆபத்து.

முதல் நாள்

தச்சரைத் தேடி ஒருவர் வந்தார். அவரும் முன்பு ஊசி போட்டவர்தான். இப்போது ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை செய்கிறார். பைதே மொழியிலேயே பேசினார். பழையதைக் கிளறவில்லை. அறிவுரை சொல்லவில்லை. புது ஊசிகள் கொடுத்தார். பழைய ஊசிகளைப் பத்திரமாகத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

"இன்றைக்கே விட முடியாவிட்டாலும் பரவாயில்லை. அடுத்தவர் ஊசியை மட்டும் போடாதே. விட வேண்டும் என்று தோன்றும்போது சொல்" என்றார்.

சுராசந்த்பூரில் 1990-களின் நடுவிலேயே ஷாலோம் என்ற தொண்டு நிறுவனம் இப்படி ஊசி மாற்றித் தரும் வேலையைத் தொடங்கியது. 1996-இல் மணிப்பூர் அரசு எய்ட்ஸ் பற்றித் தனக்கென ஒரு கொள்கையை வகுத்தது. பழக்கத்தை உடனே விட முடியாதவர்களையும் நோயிலிருந்து காப்பாற்ற வேண்டும் என்பது அதன் முக்கியக் கருத்து.

இரண்டு மாதம் கழித்துத் தச்சர் தானாகவே கேட்டார். அந்த நண்பர் அவரை மருந்து நிலையத்துக்கு அழைத்துப் போனார்.

டாக்டர் சோதித்தார். "கடைசி ஊசி எப்போது?" என்று கேட்டார்.

தச்சர் தயங்கினார். பைதே மக்கள் மூத்தவர்களை "ஊ" என்று மரியாதையாக அழைப்பார்கள். நம் ஊரில் அண்ணன், அக்கா என்பது போல. அவர் நர்ஸைப் பார்த்து, "ஊ, நிஜத்தைச் சொன்னால் போலீசுக்குப் போகுமா?" என்று கேட்டார்.

"போகாது தம்பி. இங்கே சொல்வது இங்கேயே இருக்கும். நிஜத்தைச் சொன்னால்தான் மருந்து சரியாக வேலை செய்யும்" என்றார் நர்ஸ்.

அது உண்மை. கடைசி ஊசியின் வேகம் இறங்கி, உடம்பு குடையத் தொடங்கிய பிறகுதான் முதல் மாத்திரை தர வேண்டும். முன்பே தந்தால் வேதனை திடீரென்று பெரிதாகிவிடும். அதனால்தான் டாக்டர் நேரத்தைக் கேட்டார். சில மணி நேரம் காத்திருக்கச் சொன்னார். பிறகு குறைந்த அளவில் மாத்திரை தந்தார். ஒரு மணி நேரத்தில் குடைச்சல் அடங்கியது. பல ஆண்டுகளில் முதல் முறையாக ஊசி இல்லாமல் அவர் அன்று இரவு தூங்கினார்.

ஒரு போதைக்கு இன்னொரு போதையா?

அந்த மாத்திரையின் பெயர் புப்ரெனார்பின். மெத்தடோன் என்ற இன்னொரு மருந்தும் உண்டு. அது வாயால் குடிக்கும் மருந்து. இரண்டும் மூளையில் ஹெராயின் போய் உட்காரும் அதே இடத்தில் உட்காரும். அதனால் வேதனை வராது. ஆசை அடங்கும்.

தச்சரின் அம்மாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. "ஒரு போதையை விட்டு இன்னொரு போதையைப் பிடிப்பதா? இது என்ன வைத்தியம்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

வேறுபாடு இதுதான்.

ஹெராயின் வேகம் சில மணி நேரம்தான். ஒரு நாளில் மூன்று நான்கு முறை தேட வேண்டும். மாத்திரையின் வேலை ஒரு நாள் முழுக்க நிற்கும்.

ஹெராயின் ஊசியில் ஏறும். மாத்திரை நாக்கின் அடியில் கரையும். ஊசி இல்லை. அதனால் ஊசி வழியாக எச்.ஐ.வி. வர வழியில்லை.

ஹெராயினில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மாத்திரையின் அளவு டாக்டருக்குத் தெரியும்.

ஹெராயினுக்குப் பணம் வேண்டும். பணத்துக்காகப் பொய்யும் திருட்டும் வரும். அரசு திட்டத்தில் இந்த மாத்திரை இலவசம்.

ஹெராயின் மயக்கும். சரியான அளவில் தரும் மாத்திரை மயக்காது. மனிதன் வேலை செய்யலாம். குழந்தையைத் தூக்கலாம்.

சர்க்கரை நோய்க்காரர் தினமும் மாத்திரை சாப்பிடுகிறார். அவரை யாரும் குறை சொல்வதில்லை. இதுவும் அதுபோலத்தான். பலருக்கு ஓர் ஆண்டுக்கும் மேல் மருந்து வேண்டும். சிலருக்குப் பல ஆண்டு வேண்டும். டாக்டர் சொன்ன பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். தானாகத் திடீரென்று நிறுத்தினால் பழக்கம் திரும்பி வரும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. இந்த மருந்தோடு சாராயம் குடிக்கக் கூடாது. டாக்டர் சொல்லாத தூக்க மாத்திரை போடக் கூடாது. சேர்த்துச் சாப்பிட்டால் மூச்சு அடங்கிவிடலாம். மாத்திரையை இன்னொருவருக்குத் தரவும் கூடாது. அதனால்தான் நர்ஸ் கண் முன்னாலேயே கரைக்கச் சொல்கிறார்.

ரத்தப் பரிசோதனை

ஒரு மாதம் கழிந்தது. தச்சர் புது உளி வாங்கினார். அப்போது ஆலோசகர் ரத்தப் பரிசோதனை பற்றிப் பேசினார். தச்சருக்குக் கை நடுங்கியது. "தெரியாமலே இருப்பது நல்லது" என்றார்.

"உங்கள் மனைவி கர்ப்பமாக இருக்கிறார். நீங்கள் தெரிந்துகொண்டால் அவரையும் குழந்தையையும் காப்பாற்றலாம். ஆனால் கட்டாயம் இல்லை. நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்" என்றார் ஆலோசகர்.

மூன்று நாள் யோசித்தார். நான்காம் நாள் ரத்தம் கொடுத்தார். எச்.ஐ.வி. இருந்தது.

அன்று அவர் பழைய இடத்துக்குத்தான் போயிருப்பார். ஒரே ஊசியில் எல்லாவற்றையும் மறக்க நினைத்திருப்பார். ஆனால் மறுநாள் காலை மாத்திரைக்கு வர வேண்டும் என்ற பழக்கம் இருந்தது. வந்தார். பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர் தோளில் கை வைத்தார். அவருக்கும் எச்.ஐ.வி. உண்டு. பன்னிரண்டு ஆண்டாக மருந்து சாப்பிட்டு நன்றாக இருக்கிறார்.

மனைவியிடம் சொல்வதுதான் மிகக் கடினமாக இருந்தது. ஆலோசகரை அருகில் வைத்துக்கொண்டு சொன்னார். மனைவி அழுதார். இரண்டு நாள் பேசவில்லை. பிறகு தானும் பரிசோதனை செய்துகொண்டார். அவருக்குக் கிருமி இல்லை. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தார்கள். அப்போதும் இல்லை. குழந்தைக்கும் ஆபத்து இல்லை.

எச்.ஐ.வி. மருந்து இந்தியாவில் 2004 ஏப்ரல் 1 முதல் இலவசமாகத் தரப்படுகிறது. முதலில் தொடங்கிய மாநிலங்களில் மணிப்பூரும் தமிழ்நாடும் உண்டு. 2017 முதல், கிருமி இருப்பது தெரிந்த உடனேயே மருந்து தொடங்குகிறார்கள். ஒழுங்காகச் சாப்பிட்டால் ரத்தத்தில் கிருமி சோதனையில் தெரியாத அளவுக்குக் குறையும். அப்படிக் குறைந்தே இருந்தால் உடலுறவு வழியாகப் பரவாது.

இரண்டு மருந்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஊசியைத் தேடி அலைபவரால் தினமும் நேரத்துக்கு எச்.ஐ.வி. மருந்து சாப்பிட முடியாது. நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை அவர் நாளை ஒழுங்காக்குகிறது. அந்த ஒழுங்குதான் மற்ற மருந்தையும் காப்பாற்றுகிறது.

பக்கத்தில் இருந்தால்தான் வைத்தியம்

தினமும் வர வேண்டும் என்றால் நிலையம் பக்கத்தில் இருக்க வேண்டும். மலைக் கிராமத்துக்காரர் தினமும் நாற்பது கிலோமீட்டர் போய் வர முடியுமா? பஸ் செலவுக்கே கூலி போய்விடும். மொழி தெரியாத இடத்தில் வெட்கத்தை விட்டுப் பேச முடியுமா? "இந்த இனத்தவரே இப்படித்தான்" என்று யாராவது சொல்லிவிட்டால் மறுநாள் வருவாரா?

சிறுபான்மை மக்களுக்கு நோய் மட்டும் சுமை அல்ல. தூரமும் மொழியும் அவமானமும் சேர்ந்த சுமை. அதனால் நிலையம் அவர்கள் ஊரில் வேண்டும். அவர்கள் மொழி பேசுபவர் அங்கே வேண்டும். அவர்களில் ஒருவரே வேலை செய்தால் இன்னும் நல்லது.

2020-இல் கொரோனா வந்து ஊர் அடங்கியது. அப்போது சில நாள் மாத்திரையை வீட்டுக்கே கொடுத்து அனுப்ப அரசு அனுமதித்தது. 2023 மே மாதம் மணிப்பூரில் பெரும் இனக் கலவரம் மூண்டது. சுமார் 60,000 பேர் வீடு இழந்தார்கள். மலை மக்கள் பலரால் இம்பாலுக்குப் போக முடியவில்லை. பள்ளத்தாக்கு மக்கள் பலரால் மலைப் பகுதிகள் பலவற்றுக்குப் போக முடியவில்லை. பாதை அடைபட்டால் தினசரி மருந்து சாப்பிடுபவரின் உயிரே ஊசலாடும். மருந்துக்கு இனம் இல்லை. ஆனால் மருந்து வருவதற்குப் பாதை வேண்டும்.

2021-ஆம் ஆண்டு அரசு மதிப்பீட்டின்படி, நாடு முழுவதும் வயது வந்தவர்களில் 1,000 பேருக்கு 2 பேர் எச்.ஐ.வி. உள்ளவர்கள். மணிப்பூரில் 1,000 பேருக்குச் சுமார் 10 பேர். மிசோரமில் 27 பேர். இவை சிறிய மாநிலங்கள்தான். ஆனால் சுமை பெரியது.

சட்டம் என்ன சொல்கிறது?

எச்.ஐ.வி. பற்றிய சட்டம் 2017-இல் வந்தது. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, சம்மதம் இல்லாமல் ஒருவருக்கு எச்.ஐ.வி. பரிசோதனை செய்யக் கூடாது. முடிவை வெளியே சொல்லக் கூடாது. எச்.ஐ.வி. இருப்பதற்காக வேலையிலிருந்து நீக்கக் கூடாது. வைத்தியம் மறுக்கக் கூடாது. நோயைத் தடுக்கச் சுத்தமான ஊசி தருவதும் மாற்று மருந்து தருவதும் குற்றம் ஆகாது.

போதைப்பொருள் சட்டம் 1985-இல் வந்தது. அது கடுமையான சட்டம். ஆனாலும் அதில் ஒரு வழி உண்டு. சிறிய அளவு போதைப்பொருள் வழக்கில் சிக்கிய பழக்கக்காரர், தானாக முன்வந்து அரசு நிலையத்திலோ அரசு ஏற்ற நிலையத்திலோ வைத்தியம் செய்துகொண்டால், வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். வைத்தியத்தை முழுமையாக முடிக்க வேண்டும்.

போதைப் பழக்கம் பற்றிக் கேட்க 14446 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். எச்.ஐ.வி. பற்றிக் கேட்க 1097. இரண்டும் இலவசம். பெயர் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் அரசு ஆஸ்பத்திரியில் உள்ள நம்பிக்கை மையத்தில் இலவசமாக ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம்.

மறுநாள் காலை

தச்சருக்கு இடையில் ஒரு முறை தவறியது. நண்பர் ஒருவரின் சாவு வீட்டில் பழைய கூட்டத்தைப் பார்த்தார். ஊசி போட்டுக்கொண்டார். மறுநாள் தலை குனிந்து நிலையத்துக்கு வந்தார். வெளியே துரத்திவிடுவார்கள் என்று நினைத்தார்.

"வந்துவிட்டாய் அல்லவா, அது போதும். உட்கார்" என்றார் நர்ஸ். டாக்டர் சோதித்துவிட்டு மருந்தைத் தொடர்ந்தார்.

அந்த ஒரு சொல்லில்தான் இந்த வைத்தியத்தின் பாதி இருக்கிறது. மாத்திரை உடம்பைப் பிடித்து நிறுத்துகிறது. மனிதனைப் பிடித்து நிறுத்துவது மனிதர்கள்தான்.

பேசிப் பார்ப்போம்

1. ஊசி கிடைக்காமல் செய்தபோது எச்.ஐ.வி. ஏன் வேகமாகப் பரவியது?

2. முதல் மாத்திரைக்கு முன் கடைசி ஊசி எப்போது என்று டாக்டர் ஏன் கேட்டார்?

3. தச்சர் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டதால் யாருக்கெல்லாம் நன்மை?

4. உங்கள் ஊரில் குடியிலோ போதையிலோ விழுந்தவர் ஒருவர் மீண்டு வந்தால், முதல் நாள் அவரிடம் என்ன பேசுவீர்கள்?